அந்த மூவாயிரம் எந்த வருஷத்து மூவாயிரம்?

(சிங்கப்பெருமாள் கோவிலில் நடந்த சிறு, குறு விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது. வந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் துண்டுப் பிரசுரமாக வெளியிடுகிறோம்.)



நாற்று பறிக்கிற நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எனவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாம் பேசப் போவது உரம் பற்றியோ கொள்முதல் விலை பற்றியோ அல்ல. அதையெல்லாம் போன கூட்டத்திலும் பேசினோம், அடுத்த கூட்டத்திலும் பேசத்தான் போகிறோம். இன்றைக்குப் பேச்சு, உடம்பில் தெம்பு போன பிறகு நமக்குக் கஞ்சி ஊற்றப் போவது யார் என்பது பற்றி.

ஆபீசில் வேலை பார்த்தவருக்கு 60 வயது ஆனால் மாலை போட்டு, சால்வை போர்த்தி, வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். நமக்கு யார் மாலை போட்டார்கள்? 70 வயதிலும் மடை திருப்பப் போகிறோம். முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வரப்பில் உட்காருகிறோம். விவசாயிக்கு ஓய்வே இல்லாதபோது ஓய்வூதியம் எங்கிருந்து வரும் என்று ஒரு பெரியவர் போன கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போய் யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

நம் அப்பன், பாட்டன் காலத்தில் நிலம்தான் ஓய்வூதியம். பிள்ளைகள் உழுவார்கள், பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்தப் பக்கம் அந்தக் கணக்கு எப்போதோ முறிந்துபோச்சு. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் பாருங்கள். மறைமலை நகர் வந்தது, மகேந்திரா சிட்டி வந்தது, ஒரகடத்தில் சிப்காட் வந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இடத்தில் இன்றைக்கு மனைக் கல் நட்டிருக்கிறது. பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள். நிலம் கொடுத்தவர் வாங்கிய பணம் பெண் கல்யாணத்துக்கும், ஒரு மாடி வீட்டுக்கும், பையனுக்கு ஒரு வண்டிக்கும் சரியாப் போச்சு. அந்த இடத்தில் எழும்பிய கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு பி.எப். உண்டு. இடத்தைக் கொடுத்தவருக்கு என்ன உண்டு? கம்பெனியாவது நிலைத்து நிற்குமா என்றால் அதுவும் இல்லை. போர்டு கார்க் கம்பெனி 2022ல் மறைமலை நகரில் கார் உற்பத்தியை நிறுத்தியதை நாம் கண்ணால் பார்த்தவர்கள்.

சரி, நமக்கென்று திட்டமே இல்லையா? இருக்கிறது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 12ல் ராஞ்சியில் வைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கிசான் மான்தன் என்று பெயர். விவசாயி மாதாமாதம் ஒரு தொகை கட்ட வேண்டும், அதே அளவு அரசும் போடும், 60 வயதுக்கு மேல் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். பணத்தை நிர்வாகம் செய்வது எல்.ஐ.சி. 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் மாதம் 200 ரூபாய். நடுவில் வயதுக்கு ஏற்ற மாதிரி. சேர்ந்தவர் ஓய்வூதியம் வாங்கும் காலத்தில் இறந்தால் வீட்டுக்காரருக்கு அல்லது வீட்டுக்காரம்மாவுக்குப் பாதி, அதாவது 1,500. மனைவி தனியாகப் பணம் கட்டினால் அவருக்கும் தனியாக 3,000 உண்டு.

நாங்கள் இந்தத் திட்டத்தைத் திட்டுவதற்காக வரவில்லை. ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 40 வயதுக்காரர் 20 வருஷம் கட்டினால் கைக்காசு 48,000 ரூபாய். அரசு போடுவது இன்னொரு 48,000. அதற்கு 60 வயதுக்குப் பிறகு வருஷத்துக்கு 36,000 ரூபாய் சாகும்வரை. வட்டிக் கணக்குப் பார்த்தால் இது மோசமில்லை. ஊரில் சீட்டுப் பிடித்தவன் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போன கதை நம்மிடம் எத்தனை இருக்கிறது! அதற்கு இது எவ்வளவோ மேல். உங்கள் வீட்டில் 20, 25 வயதுப் பையன் உழவில் இருந்தால் தாராளமாகச் சேரச் சொல்லுங்கள். சங்கம் தடுக்காது.

ஆனால் இதைக் காட்டி, 'விவசாயிக்கு ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம், ஆளை விடுங்கள்' என்று சொன்னால், அங்கேதான் நாம் சண்டைக்கு நிற்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் யார் சேர முடியும் என்று பாருங்கள். 18 முதல் 40 வயது வரை. இந்தக் கூட்டத்தில் 40 வயதுக்கு உட்பட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டோம். தூக்கிய கைகள் ஒரு வரிசைக்குக்கூடக் காணாது. திட்டம் வந்த அன்றே 41 வயதாகியிருந்தவருக்கு அது இல்லவே இல்லை. இன்றைக்கு ஏர் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள்தானே? முதுமை யாருக்குக் கிட்டத்தில் வந்து நிற்கிறதோ, அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது, 2019 ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்திருக்க வேண்டும், இரண்டு எக்டேருக்குள். குத்தகைக்குப் பயிர் வைப்பவருக்கு ஏது பட்டா? கோவில் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதவருக்கு ஏது பட்டா? மாமனார் பெயரிலேயே கிடக்கிற பட்டாவை வைத்துக்கொண்டு, புருஷனையும் இழந்து, ஒற்றை ஆளாக வெள்ளாமை செய்கிற நம் சகோதரிகள் எத்தனை பேர்? கூட்டுப் பட்டாவைப் பிரிக்க நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மூன்றாவது விஷயம் நம் ஊருக்கென்றே இருப்பது. பி.எப்., இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. நம் பையன் ஒரகடத்தில் எட்டு மாசம் கான்ட்ராக்ட் வேலை, பிறகு நான்கு மாசம் வீட்டில் அப்பாவோடு நடவு, பிறகு வேறு கம்பெனி. பி.எப். பிடித்த காலத்தில் இதில் சேர வழியில்லை. கம்பெனி அனுப்பிவிட்ட பிறகு அந்த பி.எப். கணக்கும் நின்றுபோகிறது. அப்படியே தொடர்ந்து வேலை பார்த்து பி.எப். ஓய்வூதியம் வாங்கினாலும், அதில் குறைந்தபட்சம் என்று 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் வைத்தார்கள். பத்து வருஷம் தாண்டியும் அது அசையவில்லை.

திட்டம் அறிவித்தபோது முதல் மூன்று வருஷத்தில் 5 கோடி விவசாயிகளைச் சேர்ப்போம் என்றார்கள். 2024 ஆகஸ்டில் அரசே சொன்ன கணக்கு: நாடு முழுவதும் சேர்ந்தவர்கள் சுமார் 23 லட்சத்து 38 ஆயிரம் பேர். ஐந்து வருஷத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. விவசாயிக்கு விவரம் போதவில்லை, எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அதிகாரிகள் பேசுகிறார்கள். விவரம் இல்லாமல் இல்லை ஐயா. மழை பொய்த்த வருஷம் மாதம் 200 ரூபாய் கட்டுவது என்ன என்பது கட்டுகிறவனுக்குத்தான் தெரியும். பத்து வருஷத்துக்குள் விட்டுவிட்டால் நீங்கள் கட்டியதும் சேமிப்புக் கணக்கு வட்டியும்தான் திரும்ப வரும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தால் மிச்சப் பணம் பிள்ளைக்கு வராது, திட்டத்தின் நிதிக்கே போய்விடும்.

இதையெல்லாம்கூட ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். நாம் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். அந்த மூவாயிரம் எந்த வருஷத்து மூவாயிரம்?

வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் விலை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைத்துத்தான் சொல்கிறோம். இன்றைக்குச் சேரும் 40 வயதுக்காரர் 20 வருஷம் கழித்து 3,000 ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், இன்றைக்கு 1,130 ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான்தான் கிடைக்கும். 18 வயதுப் பையன் 42 வருஷம் கட்டிவிட்டு வாங்கும்போது அதன் மதிப்பு இன்றைய கணக்கில் 390 ரூபாய்க்கும் குறைவு. ஒரு நாள் நடவுக் கூலிகூட இல்லை, தோழர்களே! 42 வருஷம் கட்டியதற்கு மாதத்தில் ஒரு நாள் கூலி!

கற்பனைக் கணக்கு என்று யாராவது சொல்வார்கள். நடந்த கணக்கையே சொல்கிறோம். முதியோர் உதவித் தொகைக்கு மத்திய அரசு தரும் பங்கு 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாதம் 200 ரூபாய். 2007ல் இந்திரா காந்தி பெயரில் திட்டத்தை மாற்றியபோதும் 200. அதற்குப் பிறகு மூன்று பிரதமர்களின் காலம் என்று சொல்ல வந்தோம், சரியாகச் சொன்னால் இரண்டு பேர்தான். கட்சி மாறியது, ஆட்சி மாறியது, 2025 வரைக்கும் 200 மாறவில்லை. 2007ல் வாங்கியதில் பாதிகூட இன்றைக்கு அந்தப் பணத்தில் வாங்க முடியாது. நம் மாநிலத்தில் 1962லேயே முதியோர் ஓய்வூதியம் தொடங்கினார்கள், மாதம் 20 ரூபாய். அது பெருமைதான், மறுக்கவில்லை. 2011ல் அதை 1,000 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. அந்த 12 வருஷத்தில் விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதவித் தொகை ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம். இதே காலத்தில் அரசு ஊழியருக்கு வருஷத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்காதே என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் வாங்கும் அரிசியும் நாம் வாங்கும் அரிசியும் ஒரே கடை என்றுதான் சொல்கிறோம். (நாமே விளைவித்து நாமே கடையில் வாங்குகிற கொடுமையை வேறு நாள் பேசலாம்.)

அந்த உதவித் தொகையாவது கிடைக்கிறதா? ஒரு பெரியவர், வயது 72. ஒரு அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனார். 'பையன் கம்பெனி வேலைக்குப் போகிறானே' என்றார்கள். பையன் கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் வாடகை வீட்டில், மூன்று பிள்ளைகளோடு தள்ளாடுகிறான். அடுத்த தடவை, 'ஐயாவுக்கு அறுபது சென்ட் நிலம் இருக்கே, இந்த ரேட்டுக்கு நீங்க லட்சாதிபதி ஆச்சே' என்று சிரித்தார்களாம். சென்ட் லட்சக்கணக்கில் போகிற ஊரில் அறுபது சென்ட் வைத்திருப்பவர் ஏழை கிடையாதாம். நிலத்தை விற்றால்தான் லட்சம். விற்றால் அவர் விவசாயி இல்லை. விற்காவிட்டால் பசி. ஆக, முதுமைக்குச் சோறு வேண்டுமென்றால் மனை வியாபாரியிடம் போ என்று சொல்லாமல் சொல்கிறார்கள். நம் ஏரிக்கரை வயல்கள் கைமாறியதில் பாதி இப்படித்தான் மாறியது என்பது எங்கள் எண்ணம்.

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் நடப்பது அல்ல. ஒவ்வொருவனும் தன் பெயரில் கணக்கு வைத்துத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டுமா, இல்லை எல்லோரும் சேர்ந்து போட்டு வயதானவர்களைக் காப்பாற்றுவதா என்று உலகம் பூராவும் வாதம் நடக்கிறது. தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. ராணுவ ஆட்சிக் காலத்தில், 1981 முதல் தொழிலாளி சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்துத் தனியார் நிதிக் கம்பெனியில் அவரவர் கணக்கில் போடு என்று சட்டம் போட்டார்கள். உலகத்துக்கே வழிகாட்டி என்றார்கள். ஆனால் ராணுவத்துக்காரர்கள் மட்டும் தங்கள் பழைய ஓய்வூதியத்தை விடாமல் வைத்துக்கொண்டார்கள்! அடுத்தவனுக்குச் சமைத்த குழம்பைத் தான் தொடவில்லை என்றால் என்ன அர்த்தம்? அங்கே 2019ல் லட்சக்கணக்கான ஜனம் தெருவுக்கு வந்தபோது, ஓய்வூதியம் போதவில்லை என்பதும் அவர்களுடைய பெரிய கோபங்களில் ஒன்று.

அமெரிக்காவில் 1935ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் விவசாயி அதில் இல்லை. 1954ல் சட்டத்தைத் திருத்தி விவசாயிகளைச் சேர்த்தார்கள். தொழிலாளியிடம் சம்பளத்தில் 6.2 சதவீதம், முதலாளியிடம் 6.2 சதவீதம். சொந்தமாக விவசாயம் செய்பவர் இரண்டையும் சேர்த்து 12.4 சதவீதம் வரி கட்டுகிறார். பாரம்தான். ஆனால் 1975 முதல் அங்கே விலைவாசி ஏறினால் ஓய்வூதியம் தானாக ஏறும். யாரிடமும் மனு கொடுக்க வேண்டியதில்லை. 2005ல் ஜார்ஜ் புஷ் அந்த வரியில் ஒரு பகுதியை எடுத்துத் தனித்தனிக் கணக்காகப் பங்குச் சந்தையில் போடலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஜனம் ஒப்பவில்லை, திட்டம் நின்றது. 2008ல் பங்குச் சந்தை சரிந்ததைப் பார்த்த பிறகு, நல்ல வேளை என்று மூச்சு விட்டவர்கள் அங்கே நிறைய இருந்திருப்பார்கள்.

ரொம்பத் தூரம் போவானேன்? பக்கத்தில் இலங்கையில் 1987லேயே விவசாயிகளுக்கென்று சட்டம் போட்டு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தார்கள். விவசாயி சந்தா கட்டினார், அரசும் போட்டது. நல்ல எண்ணம்தான். வாங்குகிறவர் கூடக் கூட, போடுகிறவர் குறையக் குறைய, நிதி வற்றி 2012ல் பணம் கொடுப்பது நின்றுபோனது. 2014ல்தான் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். இதைச் சொல்லக் காரணம், விவசாயி சந்தாவை மட்டும் நம்பிக் கட்டிய வீடு நிற்காது. நம்மைப் போல ஒரு வருஷம் விளைந்து ஒரு வருஷம் காய்கிற ஆட்களின் சந்தா ஏரித் தண்ணீர் மாதிரி. வரத்துக் கால்வாய் வெளியிலிருந்து வர வேண்டும்.

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? இதில் நமக்குள்ளேயே ஒரு கருத்து இல்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறோம். 'நாம ஏன் ஒரு காசு கட்டணும்? உழுது சோறு போட்டதே போதும்' என்று சங்கத்தில் ஒரு பகுதி. 'கட்டாமல் வாங்கினால் பிச்சை என்பான், கட்டி வாங்கினால் உரிமை' என்று இன்னொரு பகுதி. விடிய விடியப் பேசியிருக்கிறோம். இப்போதைக்கு எங்கள் முடிவு இது.

கட்டடத் தொழிலாளர்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. கட்டடம் கட்டுகிறவர் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நல வரியாகச் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தில் தொழிலாளர் நல வாரியம் ஓய்வூதியம் உட்பட உதவிகள் செய்கிறது. அது 1996ல் வந்த மத்தியச் சட்டம். அதே வழியில், விளைநிலத்தை மனையாக மாற்றும்போது ஒரு வரி வாங்கு, அதை விவசாயி ஓய்வூதிய நிதியில் போடு என்கிறோம். நம் வயலை அழித்து எழும்புகிற அடுக்குமாடி, நம் வயதான காலத்துக்கு ஒரு செங்கல் விலை கொடுத்தால் இடிந்து விழுந்துவிடாது. அரசும் பட்ஜெட்டில் தன் பங்கைப் போடட்டும். நாமும் நெல் போடும்போது நூற்றுக்கு அரை ரூபாய் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கலாம். மாதாமாதம் கட்டச் சொல்லாதே, விளைந்தால் பிடி, விளையாவிட்டால் விடு. எடைக்கும் ஏற்றுக்கூலிக்கும் ரசீதே இல்லாமல் எவ்வளவோ கொடுக்கிற நாம், ரசீதோடு இதைக் கொடுக்கத் தயங்க மாட்டோம். அதுவும் ஒரு நிபந்தனையோடு: ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறும் என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. கேரளத்தில் 2019ல் விவசாயிகள் நல நிதிச் சட்டமே போட்டார்கள். அங்கே சமூக ஓய்வூதியம் 1,600 ஆக இருந்ததை 2025 நவம்பர் முதல் 2,000 ஆக்கினார்கள். ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் முதியோருக்கு மாதம் 4,000. நம் எல்லையைத் தாண்டினால் முதுமைக்கு வேறு விலை இருக்கிறது.

ஆக, நாம் கேட்பதைக் கேளுங்கள். 60 வயது ஆன ஒவ்வொரு சிறு, குறு விவசாயிக்கும், குத்தகைதாரருக்கும், விவசாயத் தொழிலாளிக்கும் சந்தா கட்டினாயா என்று கேட்காமல் அடிப்படை ஓய்வூதியம் வேண்டும். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையில் நன்செய் இரண்டரை ஏக்கர், புன்செய் ஐந்து ஏக்கர் என்று அளவு வைத்திருக்கிறார்களே, அதையே வைத்துக்கொள்ளட்டும். நிலத்தின் சந்தை விலையைக் காட்டித் தள்ளக் கூடாது, மகன் இருக்கிறான் என்று தள்ளக் கூடாது. அகவிலைப்படி மாதிரி வருஷா வருஷம் ஏற வேண்டும். மத்திய அரசின் 200 ரூபாயை இன்றைய விலைக்கு உயர்த்த வேண்டும். கிசான் மான்தன் இருக்கட்டும், அது அதற்கு மேல் சேர்க்கிற சேமிப்பாக இருக்கட்டும். 40 வயதைத் தாண்டியவரையும், குத்தகைக்காரரையும், பி.எப். நின்றுபோன பையனையும் அதில் சேர்க்க வழி செய்யட்டும்.

இந்த மாதம் செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இந்த மனுவைக் கொடுக்கிறோம். வெறும் மனுவாகக் கொடுத்தால் நம்பர் போட்டு வைத்துவிடுவார்கள். அதனால் ஆளுக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் 60 வயது தாண்டி, உதவித் தொகை இல்லாமல் இருப்பவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். மனு தள்ளுபடியான தாள் இருந்தால் நகல் எடுங்கள். தாளே கொடுக்காமல் வாயால் சொல்லி அனுப்பியிருந்தால், எந்த மாதம், என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள். ஆதார் நகல் வேண்டாம், கையெழுத்தோ கைநாட்டோ போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

காலையில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கூடுகிறோம், அங்கிருந்து சேர்ந்து போகலாம். 72 வயதுப் பெரியவர் என்று சொன்னோமே, அவரும் வருகிறார். அவர் பேசட்டும், நாம் பின்னால் நிற்போம்.

திரளாக வாரீர்!